காலண்டர் படிக்கச் சொல்லும் மருந்தக்கா

“வலது கண்ணை மூடிக்குங்க. விரலால இல்ல, உள்ளங்கையால. விரல் சந்துல எட்டிப் பாப்பீங்க, எனக்குத் தெரியும். காலண்டர்லேர்ந்து ஆறடி தள்ளி நின்னாச்சா? சரி, கடைசி வரியைப் படிங்க.”

காலை எட்டரைக்கு மருந்தக்கா போனில் இப்படி அதட்ட ஆரம்பித்தால் பதினொன்றுக்குத்தான் ஓய்வாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், மடியில் நோட்டு. உட்கார்ந்திருப்பது கண் பரிசோதனைக்கு வருகிறவர்களின் உயரமான நாற்காலியில். ஊரடங்கு வந்ததிலிருந்து அதில் உட்கார ஆளில்லை என்பதால் அவளே குடியேறிவிட்டாள். சாப்பாடும் அதில்தான். கால் தரையில் எட்டாது; எதிராளி சரியாகப் படித்தால் ஆடும், தப்பாகப் படித்தால் நின்றுவிடும்.

ஏழைகளுக்கு இலவசமாகக் கண் பார்க்கும் சேவைக் குழு ஒன்றின் உதவியாளர் அவள். மூன்று மாதத்துக்கென்று இந்த ஊருக்கு வந்தாள். வீடு ரயிலில் இரண்டு நாள் தூரம். மூன்றாம் மாதக் கடைசியில் பெட்டியைக் கட்டினாள். மறுநாள் ரயில் நின்றுவிட்டது. கட்டிய பெட்டியை ஒரு வாரம் தொடவே இல்லை. “அவுத்தா இங்கயே தங்கினதா ஆயிடும்” என்று குழுவின் வேன் டிரைவரிடம் சொன்னாளாம். எட்டாம் நாள் சீப்பு வேண்டியிருந்தது. அது அடியில் கிடந்து தொலைத்ததால் மொத்தப் பெட்டியையும் கொட்ட வேண்டியதாயிற்று.

குழுவில் மற்றவர்கள் முன்னரே கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியது டாக்டர், வேன் டிரைவர், இவள். கூடவே கண் அழுத்த நோய்க்காரர்கள் நாற்பத்து மூன்று பேர். அது சத்தம் போடாமல் பார்வையைத் தின்கிற நோய். போனது போனதுதான். தினமும் சொட்டு மருந்து போட்டால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். மருந்து தீர்ந்தது என்று சொன்னால், அனுமதிச் சீட்டு வைத்திருந்த வேன் டிரைவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். ஆனால் கண் எப்படி இருக்கிறது என்று போனில் பார்ப்பது எப்படி? டாக்டர் கையை விரித்துவிட்டார். காலண்டர் இவளுடைய யோசனை. எந்த வீட்டிலும் ஒன்று தொங்கும். அதன் அடியில் அச்சகத்தின் விலாசமும் போன் நம்பரும் பொடி எழுத்தில் இருக்கும். அதை ஆறடி தள்ளி நின்று படிக்க வேண்டும். உலகம் ஆறடி தள்ளி நிற்க இப்போதுதான் கற்றுக்கொண்டது. ஆளைத் தள்ளி நிறுத்துவது இவளுக்குப் பத்து வருஷத் தொழில்.

இந்த வகுப்பில் முதல் மாணவர் தையல்காரர். வலது கண் எப்போதோ போய்விட்டது, மிச்சம் இடது ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு கணீரென்று ஒரே மூச்சில் படிப்பார். மருந்தக்காவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. மருந்து போடாமல் டிமிக்கி கொடுப்பவர்களிடம், “தையல்காரரைப் பாருங்க, ஒத்தக் கண்ணுல என்னமாப் படிக்கிறாரு” என்று இடித்துக் காட்டுவாள்.

சாயந்திரம் ஆறு மணி அவளுடைய சொந்த நேரம். வீட்டில் கணவன், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பள்ளிக்கூடமே இல்லாததால் இப்போது மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டிருக்கிறான். வகிடு ஒரு நாளும் நடுவில் வந்ததில்லை.

“அம்மா, எப்ப வருவ?”

“ரயில் விட்டதும் வந்துருவேன்டி.”

“ரயிலை யாரு புடிச்சு வெச்சிருக்கா?”

வேறு வழியில்லாமல், “பாடம் படி, கேக்கறேன்” என்பாள். போனை வைத்த பிறகு சற்று நேரம் முகத்தைக் கழுவிக்கொண்டே இருப்பாள். அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவளைக் கேட்டால் சோப்பு என்பாள்.

ஒருநாள் மகள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கடகடவென்று படித்தாள். நடுவில் அப்பன்காரன் சிரித்தான். “ஏய், ரெண்டு பக்கத்தைச் சேத்துத் திருப்பிட்டடி! நீ படிக்கிறது இந்தப் பக்கத்துலயே இல்ல.” குட்டு உடைந்தது. பாடம் முழுவதும் மனப்பாடம். புத்தகம் சும்மா ஒப்புக்கு. மருந்தக்காவும் வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சுருக்கென்றது.

நோட்டைப் புரட்டினாள். நல்ல கண் உள்ளவர்கள்கூட ஒருநாள் மூன்றை எட்டு என்பார்கள், வெளிச்சம் பத்தவில்லை என்று திணறுவார்கள். தையல்காரரின் பக்கத்தில் மட்டும் இருபத்தொரு நாளாக ஒரு பிசகும் இல்லை. பத்து வருஷ அனுபவம் உள்ளவள், கையால் டிக் அடித்து டிக் அடித்து ஏமாந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

உடனே கூப்பிட்டாள். “காலண்டர் வேணாங்க. வீட்டம்மாவ வேற ஏதாவது காகிதத்தை அதே எடத்துல பிடிக்கச் சொல்லுங்க. படிங்க பாப்போம்.”

போன் கைமாறியது. பிறகு அவர் மனைவியின் குரல் வந்தது. “மருந்து தீந்து மூணு வாரமாச்சும்மா. காலி பாட்டிலத்தான் தெனமும் கண்ணு மேல கவுத்துக்கிட்டிருந்தாரு. நேத்துதான் எனக்கே தெரியும். பல்பைச் சுத்தி வட்டம் வட்டமா வருதாம். மருந்து கேட்டா வண்டி வரும், வந்தா தன்னை ஆஸ்பத்திரிக்கு அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயம்.”

மறுநாள் காலை வண்டியோடு மருந்தக்காவும் போனாள். முகக்கவசம், அதன்மேல் கண்ணாடித்தாள் மறைப்பு, தலையில் குல்லாய். தையல்காரர் கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றார். கதவு பூட்டியிருந்தது, சாவி அவர் கையில்.

“எதுத்த வீட்டுக்காரர் இருமலோட ஆஸ்பத்திரிக்குப் போனாரு. திரும்பி வரல. நான் வர மாட்டேன்மா.”

“நீங்க ஏமாத்தினீங்க, நான் ஏமாந்தேன். ரெண்டு பேர் மேலயும் தப்பு. ஆனா கண்ணு உங்களுது. எங்க கட்டடத்துல டாக்டரையும் என்னையும் தவிர யாரும் இல்ல. சாயந்திரத்துக்குள்ள இதே வாசல்ல கொண்டுவந்து விட்டுடறேன்.”

“விடலேன்னா?”

அதட்டல்காரி இந்தத் தடவை அதட்டவில்லை. “என் வீடு ரெண்டு நாள் தூரத்துல இருக்குங்க. அதைப் பாத்து ஏழாவது மாசம் ஓடுது, போக முடியல. அந்தக் கஷ்டத்தை இன்னொருத்தருக்கு நான் குடுப்பேனா?”

தையல்காரர் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே யோசித்தார். மனைவிதான் அதை வாங்கிப் பூட்டைத் திறந்தாள்.

கூட்டிவந்து அளந்தபோது கண் அழுத்தம் இருக்க வேண்டியதற்கு இரண்டு மடங்கு இருந்தது. “இன்னும் ஒரு வாரம் போயிருந்தா அவ்வளவுதான்” என்றார் டாக்டர். மாத்திரை, ஊசி, மணிக்கொரு சொட்டு. மருந்தக்காவின் நாற்காலியைச் சாய்த்து அவரைப் படுக்க வைத்தார்கள். அவள் நாள் முழுக்க நின்றுகொண்டே மற்ற நாற்பத்திரண்டு பேரையும் போனில் அதட்டினாள். நாலு மணிக்கு அளந்தபோது அழுத்தம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. மூன்று வாரத்தில் தேய்ந்தது தேய்ந்ததுதான். மிச்சம் நிற்கும் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார்.

சொன்னபடி வெயில் சாய்வதற்குள் வாசலில் இறக்கிவிட்டாள். புதுப் பாட்டில்கள் இரண்டையும் அவர் மனைவியிடம் கொடுத்து, காலிப் பாட்டிலைத் தான் வாங்கிக்கொண்டாள். தையல்காரர் உள்ளே போகாமல் நின்றார்.

“இத்தனை நாள் குரலைத்தாம்மா தெரியும். இன்னிக்கும் ஒரே பிளாஸ்டிக்காத்தான் தெரிஞ்சீங்க. ஒரு நாளு நீங்களும் ஊருக்குப் போயிருவீங்க. முகத்தைப் பாக்கலாமா?”

மருந்தக்கா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஈ காக்கை இல்லை. பின்னோக்கியே நடந்து தெருவைக் கடந்து, எதிர்ச் சுவர்மேல் முதுகு படும்வரை போனாள். மறைப்பைக் கழற்றினாள், குல்லாயைக் கழற்றினாள், முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கினாள். பிறகு வெயில் விழுகிற பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் “போதும்மா” என்று சொல்லும்வரை அசையாமல் நின்றாள்.