கருப்பு ஒயர் ஆகாத வீடு

வேங்கிக்காலில் எங்கள் வீட்டைக் கட்டும்போது என் கணவர் எலக்ட்ரீஷியனுக்குப் போட்ட ஒரே கட்டளை, சுவருக்குள் கருப்பு ஒயர் போகக் கூடாது என்பது. வழக்கமாகக் கரண்ட் வரும் ஒயர் சிவப்பு, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கருப்பு. "கருப்பு வீட்டுக்கு ஆகாதுங்க. எல்லாத்தையும் செவப்புலயே இழுத்துடுங்க" என்றார். எலக்ட்ரீஷியனும் இழுத்துவிட்டார். இதைச் சொன்னவர் வருஷா வருஷம் மாலை போட்டுக்கொண்டு கருப்பு வேட்டியில் வளைய வருபவர். வாசலில் திருஷ்டிக்கு ஒரு கருப்புக் கயிறு, மணிக்கட்டில் இன்னொன்று. கருப்புக்கு எங்கே அனுமதி, எங்கே தடை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்று ஹாலுக்குப் புது லைட் வாங்கினோம். ஆளைக் கூப்பிடலாம் என்றேன். "இதுக்கெல்லாமா ஆளு?" என்று ஸ்டூலில் ஏறிவிட்டார். சுவிட்சை அணைத்திருந்தார், அந்த அளவுக்கு உஷார். பழைய லைட்டின் மூடியைத் திறந்ததும் உள்ளே இரண்டு ஒயர்கள். இரண்டும் சிவப்பு, மங்களகரமாக.

"டெஸ்டர வெச்சுப் பாருங்க" என்றேன். என் தொல்லை தாங்காமல் வைத்தார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

"டெஸ்டர் கெட்டுப்போச்சு. சுவிட்ச் ஆஃப்ல இருக்கு, கரண்ட் எப்படி வரும்?" என்று ஒயரைப் பிடிக்கக் கையை நீட்டினார். நான் வாசல் பக்கம் ஓடி மெயினை இறக்கினேன்.

"மெயின இறக்கிட்டேன், நீங்களும் கீழ இறங்குங்க!" என்று கத்தினேன்.

மறுபடி அதே எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். எல்லாம் ஒரே நிறமாக இருந்ததில், கரண்ட் ஒயரில் மாட்ட வேண்டிய சுவிட்சை வீடு கட்டிய அன்று நியூட்ரலில் மாட்டியிருக்கிறார். அணைத்தாலும் மேலே கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். "நீங்கதான சார் கருப்பு வேணாம்னீங்க" என்றபடி மாற்றிப் போட்டார். அடையாளத்துக்கு நியூட்ரல் முனைகளில் கருப்பு டேப் சுற்றினார். என் கணவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வெளிய தெரியாதுல்ல?"

தீபத்தன்று புது லைட்டின் கீழே உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, அவர் கதை சொன்னார். "கை வெக்கப் போறேன், பட்டுனு கரண்ட் நின்னுபோச்சு. எல்லாம் இதோட சக்தி!" மணிக்கட்டைத் தூக்கி அந்தக் கருப்புக் கயிற்றைக் காட்டினார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மெயினை இறக்கிய கையால் நான் எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் டம்ளரில் மட்டும் சர்க்கரை போடவில்லை. கயிறு வந்து போடட்டும்.