ஜாஸ் டின்னியனின் பயம்

ரக்பி கிளப் கூடத்தில் கோப்பை அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கும் பலகை இப்படிச் சொல்கிறது: ‘ஜாஸ் டின்னியன், முன்வரிசை ஆட்டக்காரர். பதினான்கு பருவங்கள். பயம் என்பதையே அறியாதவர். எந்த அடிக்கும் தரையில் கிடந்ததில்லை.’

இங்கிலாந்தின் கம்பர்லாந்துக் கடற்கரையில் பயத்தோடு ஜாஸ் அளவுக்கு நெருங்கிப் பழகியவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. வார நாட்களில் அவன் தபால்காரன். நாய் வளர்க்கிற வீடுகளின் கடிதங்களைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு வந்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் சனிக்கிழமையே தொண்டையில் எதுவும் இறங்காது. களத்தில் இறங்குவதற்குச் சற்று முன் கழிப்பறைக்குள் போய் வாந்தி எடுப்பான். அந்தச் சத்தம் எதிரணியின் அறைக்குக் கேட்கக் கூடாதென்று எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுவது ரோனி ஸ்கெல்டனின் பொறுப்பு. ரோனி அதே அணியில் ஆடியவன். ஜாஸின் தங்கை மோரீனைக் கட்டியவன்.

“வந்துருச்சா மச்சான்?”

“ம்.”

“முழுசா? போன வாரம் மிச்சம் வச்சிருந்து என் பூட்ஸ் மேல கொட்டின.”

“போடா.”

களத்துக்குள் போனதும் எதிரணியின் மிகப் பெரிய ஆளைத் தேடிப்போய் முதலில் மோதுகிறவன் ஜாஸ்தான். கூட்டம் அதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொண்டது. அடி வாங்குவதை ஜாஸ் எப்படியோ பொறுத்துக்கொள்வான். வாங்கப்போகிறோம் என்று காத்து நிற்பதுதான் அவனுக்கு ஆகாது. விழுந்த வேகத்தில் எழுந்துவிடுவதற்கும் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் அடிபடாமல் தரையில் கிடந்தவனைப் பற்றி அவனுடைய பேரப்பிள்ளைகள் காதுபடவும் பேசுவார்கள். கால் முறிந்தவன்கூட நொண்டிக்கொண்டே தன் இடத்தில் போய் நின்றபிறகுதான் முறிந்த விஷயத்தைச் சொல்லுவான். ஜாஸுக்கு அந்தப் பேச்சின்மேல் இருந்த பயம் மற்ற எல்லாப் பயத்தையும்விடப் பெரியது.

தலையில் அடிபட்டவனுக்கு அந்தக் காலத்தில் ஒரு சோதனை இருந்தது. வாரமெல்லாம் பேருந்து ஓட்டிவிட்டு ஆட்டநாளில் எங்கள் அணிக்கு முதலுதவி பார்க்கும் பெர்ட் ஹாலிடே, வாளியும் பஞ்சுமாக ஓடிவருவார். முகத்தில் தண்ணீரைப் பிழிந்துவிட்டு விரல்களை நீட்டி, “எத்தனை?” என்பார். விழுந்தவனை அணைத்துப் பிடித்திருக்கும் தோழன், அவன் முதுகில் அத்தனை முறை தட்டுவான். இதை ஏமாற்று என்று யாரும் நினைக்கவில்லை. கயிறு அவிழ்ந்த பூட்ஸைக் கட்டிவிடுவது போல ஓர் ஒத்தாசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைய ஆட்டத்தில் ஜெயித்தால் அணி மேல்பிரிவுக்குப் போகும். யார்க்ஷையரிலிருந்து வந்த அணியை இரண்டாம் பாதியிலும் முந்திக்கொண்டுதான் இருந்தார்கள். எதிரணிக்காரன் ஒருவனை மடக்கப்போன ரோனியின் நெற்றிப்பொட்டில் அந்த ஆளின் முழங்கால் இடித்தது. ரோனி மரக்கட்டை போல விழுந்தான். ஜாஸ் அவனை அக்குளில் கைகொடுத்து நிமிர்த்தினான். பெர்ட் மூன்று விரல் நீட்டினார். ஜாஸ் மூன்று தட்டு தட்டினான்.

“மூணு,” என்றான் ரோனி.

“சமத்து,” என்று பெர்ட் வாளியோடு ஓடிவிட்டார்.

ரோனி மெதுவாகத் திரும்பினான். “மச்சான், மோரீன் வந்துட்டாளா?”

“அதோ, கொடிக்கம்பத்துகிட்ட நிக்கிறா பாரு.”

“பாதிரியாரு? கல்யாணத்துக்கு நேரமாச்சே?”

ஜாஸ் சிரித்தான். ரோனி சிரிக்கவில்லை. அவனுடைய ஒரு கண்ணின் பாவை கடுகாகச் சுருங்கியிருந்தது. மற்றது விரிந்துபோய்க் கறுப்பாக இருந்தது. ஜாஸுக்குக் கழிப்பறையில் வருவதெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

“பெர்ட்! பெர்ட்!” கூட்டத்தின் இரைச்சலில் பெர்ட் திரும்பவில்லை. நடுவரிடம் ஓடினான். “ஐயா, நிறுத்துங்க. இவனுக்குச் சரியில்ல.”

“சோதிச்சாச்சுல்ல? நீங்க மூச்சு வாங்கறதுக்கு நான் ஆட்டத்த நிறுத்தணுமா? போய் ஆடுப்பா.”

பந்து எதிரணியிடம். ஜாஸ் அணியின் கோடு ஐந்து கெஜம் பின்னால்; அதைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் எதிரணிக்குப் புள்ளி. எதிரே ஒரு தாடிக்காரன், நிலைக்கதவு அளவு ஆள், ரோனி ஆடி ஆடி நிற்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவனுக்குக் கண்ணால் காட்டினான். அடுத்த ஓட்டம் ரோனிமேல்தான்.

“உக்காரு மாப்ள! டேய், உக்காருடா!”

“நான் என்னிக்குடா உக்காந்திருக்கேன்? நீ உக்காரு, கிழவா.”

அவனைப் பிடித்து அழுத்தினாலும் துள்ளி எழுவான். அவனுக்கு முன்னால் போய் நிற்கலாம். தாடிக்காரன் சுற்றிக்கொண்டு வருவான். ஓடி வருகிறவனை வேறு பக்கம் இழுக்க ஒன்றுதான் உண்டு, திறந்து கிடக்கிற வழி. ஜாஸின் முழங்கால்கள் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தன. அவற்றை மடங்க விட்டு அப்படியே தரையில் சரிந்தான்.

தாடிக்காரன் ரோனியை மறந்தான். ஜாஸ் நின்றிருக்க வேண்டிய இடத்தின் வழியாக, ஜாஸைத் தாண்டிக் குதித்துப் போய்க் கோட்டுக்குப் பின்னால் பந்தை அழுத்தினான். நடுவர் விசில் ஊதினார்.

“தொட்டில் கட்டட்டுமாடா!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். “தாலாட்டு யாரு பாடுறது?” என்று இன்னொன்று. இறைச்சிக் குழம்பு அடைத்த, பாதி தின்ற ரொட்டி ஒன்று வந்து அவன் தோளில் விழுந்து வழிந்தது.

பெர்ட் ஓடிவந்தார். “எங்கடா அடி?”

“எனக்கில்ல. ரோனியப் பாருங்க. மூணுன்னு அவன் முதுகுல நான்தான் தட்டினேன்.”

“நடுவருக்கு ரெண்டு கையையும் தூக்கிக்காட்டிட்டு அங்கயே கெட, ஆட்டம் நிக்கட்டும்,” என்றார் பெர்ட். ரோனியின் முன்னால் போய் நின்று இரண்டு விரல் நீட்டினார். “எத்தனை?”

ரோனி விரல்களைப் பார்த்தான். “வியாழக்கிழமை,” என்றான்.

அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று மாலையே மண்டையில் துளை போட்டு, கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். இன்னும் அரை மணி ஆடியிருந்தால் எடுக்க வேண்டியிருந்திருக்காது என்றார் மருத்துவர். ரோனி பிழைத்தான், ஆட்டம் போயிற்று, மேல்பிரிவும் போயிற்று. ஜாஸுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டதென்று பத்திரிகைக்காரனிடம் சொல்லிவிடலாம் என்றார் பயிற்சியாளர். கால் நன்றாகத்தான் இருந்தது என்றான் ஜாஸ். பத்திரிகையில் கெண்டைக்கால் என்றே வந்தது.

பலகையில் இல்லாதது இது: ஜாஸ் டின்னியன் அன்று, உடம்பில் ஓர் அடியும் படாமல், தன் அணியின் கோட்டுக்கு ஐந்து கெஜம் முன்னால், வேண்டுமென்றே தரையில் படுத்தான்.