ஆட்டுத் திருடி

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பள்ளிக்கூடம் பெருக்குகிறவள் என்பதால் முன்பெல்லாம் ‘பள்ளிக்கூடத்தக்கா’. இப்போது ‘ஆட்டுத் திருடி’. அதைக் கேட்டால் அவளுக்குக் கோபம் வராது, பெருமைதான் வரும்.

அவள் புருஷன் முந்தின புயலில் போனவன். குடும்பத்தோடு பள்ளிக்கூட மாடிக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தவன்தான். வீட்டில் கட்டிப்போட்ட ஆடு மனசைப் பிசைய, “அவுத்து விட்டுட்டு ஓடியாந்துடறேன்” என்று இறங்கினான். அதற்குள் கடல் தெருவுக்குள் வந்துவிட்டது. ஆடும் இல்லை, ஆளும் இல்லை.

மறுபடி புயல் எச்சரிக்கை வந்தபோது ஒலிபெருக்கி வண்டி காட்டுக்கத்தல் கத்தியது. தெரு அசையவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய ஆடுகளை விட்டுவிட்டு யார் கிளம்புவார்கள்? எல்லாரையும்விடப் பிடிவாதம் பிடித்தது அவள் கூடப்பிறந்த அக்கா.

“அவரு ஆட்டுக்காகப் போய்ச் சேந்தத பாத்தியேக்கா!”

“பாத்தேன்டி. அதுக்காக? இதுங்கதான் என் பிள்ளைங்களோட படிப்பு. நீ போ, நான் வரல.”

அக்காவையும் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை. அக்கா அடுப்படிக்குப் போன சமயம் பார்த்து, தாய் ஆட்டை அவிழ்த்து, குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எடுத்தாள் ஓட்டம். வழியில் கட்டியிருந்த ஆடுகளையும் அவிழ்த்துவிட்டாள். குட்டி போட்ட கூச்சலில் அவையும் பின்னாலேயே ஓடிவந்தன.

“திருடி! ஆட்டுத் திருடி!”

அக்கா கரண்டியும் கையுமாகத் துரத்தினாள். அவளுக்குப் பின்னால் தெருவே திரண்டது. பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும், வேடிக்கை பார்க்க முந்திக்கொண்டு ஓடின. முட்டி வலி என்று மாதக்கணக்கில் படுத்திருந்த பெரியவர்கூட, தன் கிடாயைக் காணோம் என்றதும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மாடி வகுப்பறைக்குள் ஆடுகளை அடைத்தாள். கடைசி ஆளும் படியேறியதும் மாடிப்படிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஆடும் இங்க, ஆளும் இங்க. இப்ப எந்த மகராசன் கீழ போறான்னு பாக்கறேன்!”

எல்லாரும் அவளைத் திட்டி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது.

விடிந்து பார்த்தால் தெருவில் ஒரு வீடுகூட இல்லை. ஆனால் மாடியில் ஒரு உயிர்கூடக் குறையவில்லை. வகுப்பறை முழுக்கப் புழுக்கை. அதைப் பெருக்கிக்கொண்டே அவள் வாய்விட்டு அழுதாள், பிறகு சிரித்தாள். அக்கா இன்னொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த புயலுக்கு ஒலிபெருக்கி வண்டி வருவதற்கு முன்பே பள்ளிக்கூட வாசலில் ஒரே ஆட்டுச் சத்தம். முதல் ஆளாக அக்கா, குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

“அடியே திருடி, எவ்வளவு நேரம்டி? கதவத் திற!”