எல்லை தாண்டிய கல்யாணச் சோறு

மயிலாத்தாள் பிறந்தது பொள்ளாச்சிப் பக்கம். வாழ்க்கைப்பட்டது கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. இரண்டு ஊருக்கும் நடுவே நான்கு மைல்தான். அந்த நான்கு மைலுக்குள்தான் ஒரு காலத்தில் கொச்சி மகாராஜாவின் எல்லை இருந்தது. பிறகு அதுவே கேரளத்தின் எல்லை ஆனது. பிறந்த ஊருக்குப் போனால், "மலையாளத்துக்காரி வந்துட்டா" என்பார்கள். கேரளத் தாலூகா ஆபீசுக்குப் போனால், தமிழச்சி என்று இளக்காரமாக "பாண்டி" என்பார்கள். அவள் இரண்டுக்கும் அசரமாட்டாள். திட்டுவதற்கு வேண்டிய அளவு இரண்டு பாஷையும் அவளிடம் இருந்தது.

1974 ஆவணியில் மகள் கமலாத்தாளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மழை இல்லாததால் வயலில் நெல் இல்லை. ரேஷன் அரிசியைப் பந்தியில் போட்டால் சம்பந்தி வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். தாய்மாமன் அர்த்தநாரி, மயிலாத்தாள் பிறந்த ஊரிலிருந்து கல்யாணச் சீராக இரண்டு மூட்டை அரிசியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், தமிழ்நாட்டுச் செக்போஸ்ட்டில் வண்டியை மறித்துவிட்டார்கள்.

கணவர் குப்பண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மயிலாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செக்போஸ்ட்டுக்கு நடந்தாள்.

அங்கே அதிகாரி சந்தனம். திருநெல்வேலிக்காரர். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"அரிசிய அந்தப் பக்கம் கொண்டு போவக்கூடாதும்மா. உத்தரவு."

"ஏனுங்க, யாவாரத்துக்கு இல்லீங்க. எம்பட புள்ளைக்குக் கண்ணாலமுங்க. அண்ணன் ஊட்டுச் சீருங்க."

கண்ணாலம், ஊடு இரண்டும் மலையாளம் என்று சந்தனம் முடிவுகட்டிவிட்டார்.

"உங்களுக்குத் தமிழ் பேச வராதா?"

மயிலாத்தாளுக்கு வந்ததே கோபம்! "நான் பேசறது தமிளுதானுங்க. நீங்க பேசறதுதான் ஒண்ணும் வெளங்கலீங்க!"

"என்ன பேசுதீய நீங்க?"

"பாருங்கண்ணா, பேசுதீயவாமா!"

அர்த்தநாரி இருவருக்கும் நடுவே நின்று, தமிழைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் அப்படியே போயிற்று. கடைசியில் மயிலாத்தாள் மேஜைமேல் இருந்த உத்தரவுப் புத்தகத்தைக் காட்டினாள்.

"அதுல என்னென்ன போகக்கூடாதுன்னு எளுதியிருக்குதுங்க?"

சந்தனம் படித்தார். "நெல்லு, அரிசி, குருணை, அரிசி மாவு."

"சோறு?"

அவர் முன்னும் பின்னும் புரட்டினார். "சோறு போடலயே."

"நீங்க போடாட்டிப் போகுதுங்க. நான் போட்டுக்கறேன்."

மறுநாள் விடிந்ததும் செக்போஸ்ட்டிலிருந்து ஐம்பதடி தள்ளி, தமிழ்நாட்டுப் பக்கமே, புளியமரத்தடியில் மூன்று அடுப்பு புகைந்தது. சமையல்காரர்களை மயிலாத்தாள் விரட்டி விரட்டி வேலை வாங்கினாள். அந்தப் பக்கம் முகூர்த்த நேரம் நெருங்க நெருங்க, இந்தப் பக்கம் உலை கொதித்தது. தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் ஓடிப்போய் அட்சதை போட்டுவிட்டு, கையில் மஞ்சளோடு திரும்ப ஓடி வந்தாள். வாழையிலை விரித்த கூடைகளில் சோற்றைக் கொட்டி வண்டியில் ஏற்றினார்கள்.

சந்தனம் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினார். ஒரு கூடையைத் திறந்தார். ஆவியில் கண்ணாடி மங்கிப்போனது. அதைத் துடைத்துக்கொண்டே தடுப்புக் கம்பை உயர்த்தச் சொன்னார்.

கேரளச் செக்போஸ்ட்டில் இருந்தவர் மத்தியாஸ். கொல்லத்துக்காரர்.

"இதெந்தா அம்மே?"

"சோறு."

அந்தச் சொல்லுக்கு அர்த்தநாரி தேவைப்படவில்லை. மத்தியாஸ் மூக்கை உறிஞ்சினார். "ஊண் எப்போழா?"

"பன்னண்டு மணிக்குங்க. வந்துருங்க."

சரியாகப் பன்னிரண்டுக்கு மத்தியாஸ் வந்தார். பின்னாலேயே சைக்கிளில் சந்தனமும் வந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. சோற்றோடு சமைக்காத அரிசி ஏதும் கலந்து வந்திருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். அருகருகே இலை போட்டார்கள்.

சந்தனம் முதல் கவளத்தை மென்றார். நிறுத்தினார். அவசரத்தில் இறக்கிய கடைசி உலைச் சோறு அது.

"ஏம்மா, இது வேகலயே. இன்னும் அரிசியாத்தான இருக்கு!"

பந்தி முழுக்கக் கை நின்றது. மயிலாத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் இலைக்கு எதிரே வந்து நின்றாள்.

"அப்ப அள்ளீட்டுப் போயி ஆபீசுல பூட்டி வெய்யிங்க."

சந்தனம் இலையைப் பார்த்தார். பக்கத்தில் மத்தியாஸ் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தார்.

"சாம்பார் ஊத்தச் சொல்லுங்க," என்றார் சந்தனம். "ஊறிரும்."