பஸ்ஸில் நின்ற மூச்சு

குழு நண்பர்களே, இன்டர்நெட்டுக்குப் போன் லைன் இப்போதுதான் கிடைத்தது. தூக்கம் வருமுன் எழுதிவிடுகிறேன்.

என் ஒன்றரை வயது மகள் ஏங்கி அழும்போது மூச்சு நின்று உதடு நீலமாகும் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? "அது தன்னால சரியாவும், நீங்க பதறாம இருந்தா போதும்" என்றார் டாக்டர். பதறாமல் இருக்கத்தான் தினமும் அடுக்களையில், குக்கர் விசில் வரும்வரை, இழுப்பதைவிட மெதுவாக மூச்சை விட்டுப் பழகுகிறேன்.

இன்று நெய்யாற்றின்கரை பஸ்ஸில் அவள் பிஸ்கட் ஜன்னல் வழியே விழுந்தது. அழ வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"மக்கா, பிள்ளைக்க முகத்துல தண்ணி தெளி!" என்றார் பக்கத்து சீட்டு அக்கா. கண்டக்டர் மணியடித்து பஸ்ஸை நிறுத்தினார்.

அவளை என்மேல் சாய்த்துக்கொண்டு மெதுவாக மூச்சை விட்டேன். பஸ்ஸே தண்ணீருக்கடியில் போய்விட்டதுபோல் இருந்தது. காற்றில் ஆடிய ரப்பர் மர நிழல் அவள் முகத்தின்மேல் வந்து வந்து போனது. என் வயிறு அவள் முதுகில் ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. இன்னொரு மூச்சு விட்டேன்.

வீறிட்டு அழுதாள்.

"கரஞ்ஞல்லோ, இனி போகாம்!" அழுதுவிட்டாளே, இனிப் போகலாம் என்று மலையாளத்தில் சொல்லிக் கண்டக்டர் டபுள் பெல் கொடுத்தார். பிள்ளை அழுததற்கு பஸ் முழுவதும் சிரித்தது.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, எனக்காக்கும் மூச்சு முட்டினது!" என்றார் அக்கா.

அவளுக்கு மூச்சு தானாகத் திரும்பியதா, என் மூச்சைக் கேட்டுத் திரும்பியதா? விஷயம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லாதீர்கள். மற்ற எல்லோரும் உடனே பதில் போடுங்கள்.