பதில் வராத ஏழு கோரிக்கைகள்

ஜூன் 14, காலை 7.40. இலங்கை மலையகத்து நோர்வூட்டில் மூன்றாம் நாளாக விடாத மழை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் கூரை ஒழுகி, மூச்சிழுப்பால் படுத்திருந்த மனைவியின் கட்டில் நனைந்தது. ஹட்டன் கடையொன்றின் இணையப் பக்கத்தில் ஒரு தார்ப்பாய் கேட்டுப் பட்டனை அழுத்தினேன். வட்டம் சுற்றியதே தவிர ஒன்றும் நடக்கவில்லை.

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற எனக்குக் கணினியும் தெரியும் என்ற தலைக்கனம். கணினியில் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, அந்தப் பட்டன் அனுப்பும் கோரிக்கையைக் பட்டனைத் தொடாமல், ‘கர்ல்’ என்ற கட்டளையால் நானே அனுப்பினேன், எங்கே பிழை என்று பார்க்க. பதில் இல்லை. வரிக்கு வரி மாற்றி, எரிச்சலோடு மொத்தம் ஆறு முறை அனுப்பினேன்.

பத்து மணிக்குக் கடைக்காரர், நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், போன் செய்தார்.

“மாஸ்டர், தோட்டம் முழுக்கப் போத்தப் போறீங்களா? ஏழு தார்ப்பாய் லொறியில வருதுங்க!”

“சும்மா சோதிச்சுப் பார்த்தேன் நானா!”

“எங்களுக்கு ஏழும் வந்திருக்கே. பதில்தான் ஒங்களுக்கு வரல்ல போல. ஒண்ண வச்சுக்கிட்டு மிச்சத்த அனுப்பிருங்க.”

லொறி வந்தது. எங்கள் கூரையில் ஒன்றைக் கட்டிவிட்டு வந்து பார்த்தால் மற்ற ஆறும் இல்லை.

“ஒழுகுற வீடுகளுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்ட்ட குடுத்தனுப்பிட்டேன்,” என்றாள் மனைவி. “போய்த் திருப்பிக் கேக்குறீங்களா?”

கேட்கவில்லை. கூரையைப் பற்றி அவள் மாதக்கணக்காகச் சொல்லியும் நான் பதில் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் சொன்னது என்னிடம் வந்து சேர்ந்துதான் இருந்தது.

ஏழு தார்ப்பாய்க்கும் நான் நானாவுக்குக் கொடுத்தது இருபத்தாறாயிரத்து அறுநூறு ரூபாய்.