சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தவர்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன். சூசை அண்ணன் ஒருநாள் போய்விட்டால், அவரை வெளியே அனுப்பியவர்களே முதல் மாலையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அவர் பெயரைவிடத் தங்கள் பெயரைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வருவார்கள் என்று பிரிக்பீல்ட்ஸில் முடிவெட்டும் கடையிலிருந்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வரை எல்லாரிடமும் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் பேச்சை யார் கேட்கிறார்கள்? நான் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை.

செய்தி வந்தபோது நான் செராஸில் ஒரு வீட்டுக்கு என் சரக்கு லோரியிலிருந்து அலமாரி இறக்கிக்கொண்டிருந்தேன். நாலு பேர் தூக்க வேண்டிய அலமாரி, ஒரு முனையை நான் ஒருவனே பிடித்திருந்தேன். ஸ்டெல்லா போனில் கூப்பிட்டது. அண்ணனுக்கு ஒரே மகள். "அங்கிள், அப்பா போயிட்டாரு. காலையில பசியாறிட்டு நாற்காலியில சாஞ்சாரு அங்கிள். எந்திரிக்கவே இல்ல." அலமாரியை அப்படியே நடு ரோட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று விட்டேன்.

நாற்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் நான் எழுத வேண்டும் என்று ஸ்டெல்லா கேட்டது. "அழகா எழுத வேணாம் அங்கிள். நடந்தத எழுதுங்க." எழுதுகிறேன். நல்ல வார்த்தைகளை மற்றவர்கள் எழுதட்டும். எனக்குக் கோபம்தான் வருகிறது.

அண்ணனோடு அதிகம் பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கிள்ளான்காரர். தண்ணீர்க் குழாய் வேலையிலேயே வயதாகி ஓய்வு பெற்றவர். அதன் பிறகு வீடு வீடாகப் போய்ப் பூஞ்சணம் பார்த்துச் சொல்வதே அவர் வேலையாகிவிட்டது. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு டார்ச், சுவரில் குத்தி ஈரம் பார்க்கும் ஒரு சின்னக் கருவி, சமையலுக்குப் பயன்படுத்தும் அலுமினியத் தாள் ஒரு சுருள், ஒட்டும் டேப். ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துச் சென்ட்ரலில் இறங்கி நடந்தே வருவார். இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் அவர் புறங்கையை வைத்துப் பார்க்காத சுவர் இல்லை. மந்திரி வீட்டுக் குளியலறையைக்கூடப் பார்த்திருக்கிறார். பார்த்திருப்பார்.

என் வீட்டுக்கு அவர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால், அவருக்கு முன்னால் வந்த கேடிகளைச் சொல்லியாக வேண்டும். போன வருசம் முழுக்க என் மனைவி லெட்சுமிக்கு இருமல். சாதாரண இருமல் இல்லை. இருமி முடித்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு கிளினிக், மூன்று விதமான மருந்து. மூன்றாவது டாக்டர்தான் கேட்டார்: "வீட்ல பூஞ்சணம் இருக்கா?" இருந்தது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள சுவரின் அடியில் பச்சையும் கறுப்புமாகப் படர்ந்திருந்தது. தீபாவளிக்குத் தீபாவளி நான்தான் அதன்மேல் சாயம் அடித்து மூடிக்கொண்டிருந்தேன்.

போனில் தேடி ஒருவனைப் பிடித்தேன். நிலாவுக்குப் போகிறவன் போல வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தான். ஒரு எந்திரத்தை வைத்துப் புகை அடித்தான். "பாஸ், குலாட் பூஞ்சணம் எல்லாம் செத்துப் போச்சு, அஞ்சு வருசம் கேரண்டி," என்றான். மூன்று வாரத்தில் செத்ததெல்லாம் எழுந்து வந்தது. அவன் போன்தான் எழுந்து வரவில்லை. அடுத்தவன் சுவரைப் பார்க்கவே இல்லை, வாசலில் நின்றபடியே மொத்தச் சுவரையும் இடிக்க வேண்டும் என்றான். மூச்சுத் திணறுகிறவள் ஒருத்தி வீட்டுக்குள் இருக்கிறாளே, அவளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டானா? இவர்களெல்லாம் மனிதர்களா?

கடைசியில் எங்கள் தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்தான் வழி சொன்னார். சாய டின்னை என் கையிலிருந்து பிடுங்கித் திரும்ப அடுக்கில் வைத்தார். "மணியண்ணே, இது நாலாவது டின்னு. ஒங்களுக்கு வேண்டியது சாயம் இல்ல. கிள்ளான் சூசை."

மறுநாள் காலையே வந்துவிட்டார். வந்ததும் கறை எங்கே என்று கேட்கவில்லை. "குளியலறை எது? குழாய் எந்தப் பக்கம் ஏறுது? இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் என்ன?" இதையே கேட்டுக்கொண்டு சுற்றினார். பிறகு அதே சுவரின் ஹால் பக்கம் உள்ள எங்கள் சாமி மேடையின் முன்னால் வந்து நின்றார்.

"இது என்னா கறுப்பு?"

"கற்பூரக் கரி அண்ணே. முப்பது வருசமா ஏத்துறோம், கொஞ்சமாவா இருக்கும்?" என்றேன். பெருமையாகவே சொன்னேன். எங்கள் வீட்டில் எவ்வளவு பக்தி என்று அவருக்கும் தெரியட்டுமே.

அவர் குனிந்து டார்ச் அடித்தார். "மணியம், கரின்னா மேல போவும். விளக்கு இங்க இருக்கு. கறுப்பு விளக்குக்குக் கீழ இருக்கு. எந்த ஊருலயா கரி எறங்கி வரும்?"

படங்களை எடுத்துப் பார்க்கலாம் என்று நான் கை நீட்டினேன். தடுத்துவிட்டார். அவர் கிறிஸ்தவர், நானோ குளிக்காமல் நிற்கிறேன். "நீயும் தொடாத, நானும் தொடல. தங்கச்சி, நீங்க எடுத்து வைங்கம்மா. அவசரம் இல்ல. மூக்குக்கு இதக் கட்டிக்குங்க," என்று பையிலிருந்து ஒரு முகக்கவசம் எடுத்துக் கொடுத்தார். லெட்சுமி குளித்துவிட்டு வந்து, விளக்கேற்றிக் கும்பிட்டு, ஒவ்வொரு படமாக இறக்கினாள். அதுவரை அவர் நின்றுகொண்டே இருந்தார், உட்காரவில்லை.

முருகன் படத்தின் பின்பலகை கையோடு பிய்ந்து வந்தது. பின்னால் சுவர் முழுக்க ஆட்டுத்தோல் போல முடி முடியாகப் பூஞ்சணம். லெட்சுமி தினமும் காலையில் அதற்கு முன்னால்தான் அரைமணி நேரம் கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்து விட்டு உட்காருவாள். மூச்சுப் பயிற்சி நெஞ்சுக்கு நல்லது என்று அதைச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

அண்ணன் திட்டவில்லை. "நம்ம வீடுங்கள்ல கடைசியாப் பாக்கிற எடம் இது மணியம். யாரும் நகத்த மாட்டாங்க. பூஞ்சணத்துக்கும் அது தெரியும்," என்று மட்டும் சொன்னார்.

காய்ந்த துணியால் துடைக்கக்கூடாது, தூள் பறந்தால் நெஞ்சுக்குள் போகும் என்று சொல்லிவிட்டு, ஓர் ஓரத்தில் கொஞ்சம் இடத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். ஒரு சாண் அலுமினியத் தாளை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு அங்கே ஒட்டினார். மறுநாளும் கிள்ளானிலிருந்து வந்து அதை உரித்தார். வெளிப்பக்கம் காய்ந்திருந்தது. சுவர்ப் பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். "வீட்டுக் காத்துல உள்ள ஈரம்னா வெளிய நிக்கும். இது செவுத்துக்குள்ளருந்து வருது. ஒன் வீட்டுத் தப்பு இல்ல மணியம். உள்ள ஏறுற பொதுக் குழாய் ஒடஞ்சிருக்கு." அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை உங்களுக்கும் நினைவிருக்கும்: "பூஞ்சணத்தோட சண்டை போடாத. தண்ணி எங்கேருந்து வருதுன்னு தேடு."

பொதுக் குழாய் என்றால் பிளாட் நிர்வாகம்தான் பார்க்க வேண்டும். நிர்வாக அலுவலகத்தில் இருந்த பெண், மேல் வீட்டுக்காரர் குளிக்கும் தண்ணீர் என்றாள். அண்ணன் மேல் வீட்டுக்கும் போனார், கீழ் வீடுகளுக்கும் போனார். ஐந்து மாடியிலும் அதே சுவரில் தாள் ஒட்டினார். ஐந்திலும் அதே ஈரம். ஒவ்வொரு தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாடி எண்ணை எழுதி, குடியிருப்பாளர் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கூட்டம். கீழ்மாடி மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஐந்நூறு பேர். சரி, அறுபது பேர் இருப்பார்கள். அண்ணன் எழுந்து உறைகளைக் காட்டிப் பேச ஆரம்பித்ததும் நிர்வாகக் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"இவரு யாரு? இந்த பிளாட்காரரா? கிள்ளான்லேருந்து வந்து எங்க சனங்கள பயங்காட்டி வேலை புடிக்கப் பாக்கிறீங்களா?"

சிரித்தார்கள். எங்கள் ஆட்கள்தான். அவர் தாள் ஒட்டிய வீடுகளில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"நான் வேலை எடுக்கிறதே இல்ல தலைவரே," என்றார் அண்ணன். "பாத்துச் சொல்றதோட சரி. சொல்றவனே செய்யறவனா இருந்தா, இல்லாத பூஞ்சணமும் இருக்கும்."

"அதெல்லாம் இருக்கட்டும் லா. ஒங்கள இங்க கூப்பிட்டது யாரு? அதச் சொல்லுங்க."

அப்போது நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது. "நான்தான்யா கூப்பிட்டேன்! என் பொண்டாட்டி மூச்சுவிட முடியாம கெடக்கிறா, ஒங்களுக்கு இது சிரிப்பா இருக்கா?" என்று மேசையில் ஒரு அடி அடித்தேன். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் காவலாளியை விட்டு அண்ணனை வெளியே அனுப்பினார்கள். இனிமேல் அனுமதி இல்லாமல் பிளாட்டுக்குள் வரக்கூடாது என்று ஒரு கடிதமும் கொடுத்தார்கள்.

குழாயை இன்றுவரை தொடவில்லை. லெட்சுமி ஷா ஆலமில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். அங்கே போன இரண்டே வாரத்தில் இருமல் பாதியாகிவிட்டது. சொந்த வீடு இருக்க, ஒருத்தி அடுத்தவர் வீட்டு அறையில் பெட்டியோடு கிடக்கிறாள். பிளாட்டுக்குள் வர முடியாத அண்ணன் வாரா வாரம் போன் செய்தார். "தங்கச்சி மாடிப்படி ஏறுதா? நின்னு நின்னு ஏறுதா, ஒரே மூச்சில ஏறுதா?" டாக்டர்கள்கூட அப்படிக் கேட்டதில்லை.

அடக்கத்தன்று அண்ணன் சவப்பெட்டி பக்கத்தில் அந்தத் தலைவர் வந்து நின்றார். ஆள் உயர மாலை. "எங்கள் குடியிருப்பின் உற்ற நண்பர்" என்று பேசினார். திரும்பி வந்து பார்த்தால், எங்கள் லிஃப்ட் பக்கத்தில் அனுதாபப் பதாகை. அண்ணன் படம் உள்ளங்கை அளவு, நிர்வாகக் குழுவின் படங்கள் தலையணை அளவு. அது தொங்குகிற சுவருக்குப் பின்னால்தான் அந்தக் குழாய் ஓடுகிறது. கிழித்துப் போடலாம் என்று கை துறுதுறுத்தது.

இதுவரை எழுதியதை நேற்று ஷா ஆலம் போய் லெட்சுமிக்குப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கூட்டத்துப் பகுதி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க எப்ப எந்திரிச்சீங்க?"

"என்னா புள்ள, மறந்துட்டியா?"

"நான் ஒங்க பக்கத்து நாற்காலியிலதான் ஒக்காந்திருந்தேன். நாற்காலி எதுவும் விழல. செத்த மனுசனப் பத்தி எழுதுறீங்க. ஸ்டெல்லா இதப் படிக்கும்."

அந்தப் பகுதியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. நான் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று நீங்களும் பாருங்கள். நடந்தது வேறு. என் லோரியைப் பிளாட்டுக்குக் கீழே நிறுத்திக்கொள்ள அனுமதித்தவர் அந்தத் தலைவர். கூப்பிட்டது யார் என்று அவர் கேட்டபோது நான் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் ஒன்றுமில்லை. அண்ணன் மண்டபத்தைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். என்னைத் தாண்டிப் பார்த்தார், என் மேல் நிறுத்தவில்லை. பிறகு உறைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வார்த்தைதான்.

"யாரும் கூப்பிடல தலைவரே. நானாத்தான் வந்தேன்."